கழுவிவிட்டு வந்த கால்கள்

"எல்லாரும் வீட்டுலயே காலைக் கழுவிட்டுத்தானேம்மா வர்றாங்க... அப்புறம் இங்க எதுக்கு மறுபடியும் கழுவுறாங்க?"

டெல்வின் இப்படிக் கேட்டபோது அவனுக்கு ஆறு வயது. பெரிய வெள்ளிக்கிழமை. கோவிலின் பக்கத்து அறையில் பெண்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்தபடி, ஒருவர் காலை ஒருவர் கழுவிக்கொண்டிருந்தார்கள். குழந்தையின் குரல் கணீரென்று ஒலித்ததும் தொட்டிகளின் மேல் குனிந்திருந்த தலைகள் எல்லாம் குலுங்கின. சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. அழுக்குக் காலை அடுத்தவள் கையில் கொடுப்பாளா ஒருத்தி? கான்சாஸ் மாநிலத்தின் எங்கள் கோதுமை நாட்டில், அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒவ்வொரு வீட்டிலும் சோப்புப் போட்டுத் தேய்த்து, புதுக் காலுறை மாட்டிக்கொண்டுதான் வருவார்கள்.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். சும்மா இரு" என்றாள் அவன் அம்மா அடினா.

வீட்டுக்குப் போய் அவள் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

பதினேழு வருஷம் கழித்து, 1972-இல், பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை காலை. அடினா சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மூப்பர் உன்ரூ வருகிற நாள். திருவிருந்துக்கு முன்னால் சபை மூப்பர் வீடு வீடாக வந்து, மேஜையைச் சுற்றி எல்லாரையும் உட்காரவைத்து, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பார்: 'தேவனோடும் மனுஷரோடும் உனக்குச் சமாதானமா?' சமாதானம் என்றால் திருவிருந்தில் பங்கு. இல்லை என்றால் இல்லை.

"மாவுக்கு உப்புப் போட்டியா, இல்ல அதையும் மறந்துட்டியா?"

கேட்டது அவள் நாத்தனார் டீனா. கணவன் ஹார்லனின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டவள்.

"போட்டுட்டேன் அக்கா."

"போட்டுட்டேன்னுதான் சொல்லுவ. அன்னிக்கும் பத்திரமா வெச்சேன்னுதானே சொன்ன!"

அடினா மாவைக் கிள்ளி உருட்டினாள். சிறிய உருண்டையைப் பெரிய உருண்டையின் தலைமேல் வைத்து விரலால் அழுத்தினாள். விருந்தாளி வந்தால் எங்கள் வீடுகளில் செய்யும் இரட்டைத் தலை ரொட்டி. மூன்று வருஷத்துக்கு மேலாக இந்த வீட்டில் அவளுக்கு ஒரே பெயர்தான்: மறதிக்காரி. உப்பு, சாவி, கோழிக்கூண்டின் கதவு என்று எதை எடுத்தாலும் 'அதையும் மறந்துட்டியா?' தான். வாசல் கம்பத்தில் இருக்கும் தபால் பெட்டியைத் தொட அவளுக்கு உரிமை இல்லை. கடிதத்தை உள்ளே வைத்து, பக்கத்திலுள்ள சிவப்புத் தகட்டை நிமிர்த்திவிட்டால் தபால்காரர் எடுத்துக்கொண்டு போவார். ஒரு குழந்தைகூடச் செய்யும் வேலை. அதை டீனாதான் செய்வாள். "உன் கையில குடுத்தா அடுப்புக்குப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே செய்வாள்.

எல்லாம் அந்த ஒரு மனுவினால் வந்தது.

எங்கள் மெனோனைட் சபையார் போருக்குப் போவதில்லை. துப்பாக்கியைத் தொடுவதில்லை. போன பெரிய யுத்தத்தில் ஹார்லன் சீருடை அணிய மறுத்து, மூன்று வருஷம் ஒரு மலைக் காட்டு முகாமில் மரம் நட்டான். அதற்காக ஊர்க்காரர்கள் அவர்கள் தானியக் கிடங்கின் மேல் மஞ்சள் பெயின்ட்டை வாரி இறைத்தார்கள். கோழைகள் என்று அதற்கு அர்த்தம். அந்தக் கறையை ஹார்லன் இன்றுவரை அழிக்கவில்லை. அவனுக்கு அது ஒரு பதக்கம் மாதிரி.

டெல்வினுக்குப் பத்தொன்பது வயதானபோது வியட்நாமில் சண்டை உச்சத்தில் இருந்தது. நாடே இரண்டுபட்டுக் கிடந்தது. படைக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்திலிருந்து அவனுக்கும் மனுப் படிவம் வந்தது. 'மனுஷனைக் கொல்ல என் மனசாட்சி இடம் தராது' என்று எழுதிப் பத்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் இரண்டு வருஷம் ஏதாவது ஆஸ்பத்திரியில் வேலை. அனுப்பாவிட்டால் படை. ஹார்லன் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி சொல்லி எழுதவைத்தான்.

ஒன்பதாம் நாள், துவைக்கப் போட்ட சட்டைப் பையில் அந்த உறை அப்படியே இருப்பதை அடினா பார்த்தாள். பதறிப்போய் மகனைத் தேடி ஓடினாள்.

"அனுப்பலைம்மா. அனுப்பப் போறதும் இல்ல" என்றான் அவன். "இந்த ஜில்லாவுல இருந்து இத்தனை பேர் வேணும்னு கேக்குறாங்க. நான் மறுத்தா என் இடத்துக்கு வேற யாரோ போகணும். நாச்சோவுக்குப் படைக்கு வரச் சொல்லி ஓலை வந்திருச்சு. அவனுக்கு மனு எழுதிக் குடுக்க எந்தச் சபை இருக்கு?"

நாச்சோ, ரயில் பாதை ஓரத்துக் குடியிருப்பில் இருந்த மெக்சிகோக்காரக் குடும்பத்துப் பையன். அறுவடைக்கு அறுவடை டெல்வினோடு ஒரே லாரியில் ஏறி வேலை செய்தவன்.

"துப்பாக்கியை எடுப்பியாடா?"

"தெரியலம்மா... அவன் தனியாப் போகக் கூடாது. அவ்வளவுதான் தெரியும்."

அவன் உறையை அடுப்பில் போட்டான். அது கருகிச் சுருளுவதை அம்மாவும் மகனும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கெடு முடிந்த மறுநாள் மத்தியானச் சாப்பாட்டில் ஹார்லன் கேட்டான்: "மனு போயிருச்சா?" டெல்வின் தலை குனிந்தான். அடினாவுக்கு அந்த ஒரு கணத்தில் எல்லாம் தெரிந்தது. தானாகப் போகிறவன் பெயரைச் சபை ஏட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். சீருடை போட்ட மகனுக்கு இந்த மேஜையில் இடமில்லை என்று ஹார்லன் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். ஆனால் ஒரு தவறினால் பிடிபட்டுப் போனவனுக்காகவோ எல்லாரும் அழுவார்கள், ஜெபிப்பார்கள், திரும்பி வந்தால் கதவைத் திறப்பார்கள். போகிறவனைத் தடுக்க முடியாது. திரும்பி வர அவனுக்கு ஒரு வீடாவது இருக்க வேண்டாமா?

"நான்தாங்க... என்கிட்டதான் குடுத்தான்" என்றாள். "விதைப் பொட்டலத்தோட அலமாரியில வெச்சேன். பழைய பொட்டலத்தை எல்லாம் எரிச்சப்போ... சேர்ந்து போயிருச்சு. மறந்துட்டேன்."

அவள் வாழ்க்கையில் சொன்ன ஒரே பெரிய பொய் அது.

அதன் பிறகு ஹார்லன் அவளோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சபைப் பெண்கள் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. அடுத்த பெரிய வெள்ளியில் காலுறையைக் கழற்றிவைத்துவிட்டு அடினா பெஞ்சின் ஓரத்தில் காத்திருந்தாள். அவளோடு சேர்ந்துகொள்ள யாரும் வரவில்லை. வரிசை அவளுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. காலுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் கோவில் சமையலறையில் நின்று, மற்றவர்கள் கால் கழுவத் தண்ணீர் சுடவைப்பதுதான் அவள் வேலையாயிற்று.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது ஒன்றுதான். வியட்நாம் போன ஐந்தாம் மாதம் டெல்வினிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. டீனா சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படித்தாள். 'அம்மா அன்னிக்கு அந்த மனுவை மட்டும் அனுப்பியிருந்தா, நான் இன்னிக்கு இந்தச் சேத்துல கிடந்திருக்க மாட்டேன்.'

அப்பா பார்ப்பாரே என்பதற்காக எழுதியிருக்கிறான் என்று அடினா தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். ஆனால் அடுத்த கடிதத்திலும் அதுவே இருந்தது. அதற்கடுத்த கடிதத்தில் இன்னும் சூடாக இருந்தது.

இப்போது அவன் உயிரோடு திரும்பி வந்து நாலு மாதம் ஆகிறது. நாச்சோ வரவில்லை. வியட்நாம் போன மூன்றாம் மாதமே, வேறொரு படைப்பிரிவில், டெல்வின் இருந்த இடத்துக்கு எங்கோ தூரத்தில் இறந்துபோனான்.

மூப்பர் உன்ரூ பத்து மணிக்கு வந்தார். தொப்பியை ஆணியில் மாட்டினார். இரட்டைத் தலை ரொட்டியைப் பிட்டு, "உன் கை ரொட்டி மாதிரி வராது, சகோதரி டீனா" என்றார். டீனா மறுக்கவில்லை. அடினா காப்பி ஊற்றினாள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். மூப்பர் முதலில் டெல்வினைப் பார்த்தார். குரலில் அத்தனை கனிவு.

"தம்பி, வர்ற வெள்ளிக்கிழமை சபை உன்னைக் கட்டிப்பிடிச்சுச் சேர்த்துக்கக் காத்திருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உன் விருப்பத்துல போகல. ஒரு மனுஷத் தவறுனால போன. அப்படித்தானேப்பா?"

அடினா காப்பிக் கெண்டியைக் கீழே வைத்தாள்.  சொல்லு கண்ணா... இப்போ சொல்லு... நாலு மாசமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்...

டெல்வின் ரொட்டித் துணுக்கை விரலால் நசுக்கிக்கொண்டிருந்தான்.

"ஆமா" என்றான்.

"ஸ்தோத்திரம்! ஹார்லன், உனக்கு?"

ஹார்லன் தொண்டையைச் செருமினான். மூன்று வருஷமாக இந்த மேஜையில் 'மனைவியோடு சமாதானம் இல்லை' என்று சொல்லி, திருவிருந்தைத் தானும் தள்ளிவைத்த மனுஷன்.

"பையனைக் கர்த்தர் திருப்பிக் குடுத்துட்டார். இனிமே எனக்கு யார்மேலயும் ஒண்ணும் இல்ல. அவளை... நான் மன்னிச்சுட்டேன்."

டீனா கைக்குட்டையால் கண்ணை ஒற்றினாள். "நானும்தான். மனசார."

மூன்று பேரும் அடினாவைப் பார்த்தார்கள். அவள் அழ வேண்டும், நன்றி சொல்ல வேண்டும். எல்லாரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். மகன் மட்டும் அவளைப் பார்க்கவில்லை.

"சகோதரி அடினா? தேவனோடும் மனுஷரோடும் சமாதானமா?"

"இல்லை" என்றாள் அடினா.

மேஜையே அதிர்ந்ததுபோல் இருந்தது.

"என்ன சொல்ற!" ஹார்லன் எழுந்தே விட்டான். "மூணு வருஷம் கழிச்சு மன்னிச்சுட்டேன்னு சொல்றேன்... இல்லைங்கிற?"

"பார்த்தீங்களா மூப்பரே! தப்பு செஞ்சவளுக்கு எவ்வளவு வீம்பு பாருங்க!" டீனா வெடித்தாள். "ஒரு தாயா இவ? பெத்த பிள்ளையை மறதியில சாவுக்கு அனுப்பிட்டு, அவன் வீடு வந்து சேர்ற நாள்லயும் இப்படி முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு..."

"அக்கா, நான் யார்மேலயும் கோபமா இல்ல." அடினா காப்பிக் கெண்டியை மேஜையின் நடுவில் நகர்த்திவைத்தாள். "கர்த்தருக்கு முன்னாடி எனக்குச் சமாதானம் இல்ல. அதைத்தான் சொன்னேன். பொய்யா 'ஆமா'ன்னு என்னால சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை நான் வரல. என்னை விட்டுருங்க."

அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டுக் கோழிக்கூண்டுப் பக்கம் போய்விட்டாள்.

சிறிது நேரத்தில் டெல்வின் வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வருவான் என்று அவளுக்குத் தெரியும்.

"எப்படிடா... எப்படிடா 'ஆமா'ன்னு சொன்ன?"

"வேற என்ன சொல்றதும்மா?"

"நான் சொன்ன பொய், நீ திரும்பி வர்றதுக்கு ஒரு வீடு வேணும்னு சொன்னதுடா. என்னைப் பார்த்து நீயே அதைச் சொல்றதுக்கு இல்ல! ஊரு திட்டிச்சு, தாங்கிக்கிட்டேன். உங்கப்பா பேசல, தாங்கிக்கிட்டேன். உன் கடுதாசி... அந்தக் கடுதாசியை உங்க அத்தை படிக்கப் படிக்க, என் பிள்ளை கைதானா இதுன்னு..."



டெல்வின் வேலிக் கம்பியை நகத்தால் சுரண்டினான். பிறகு கோழிகளிடம் சொல்வதுபோல் மெல்லச் சொன்னான்:

"நான் அங்க என்ன செஞ்சேன்னு உனக்குத் தெரியாதும்மா. கேக்காத. நாச்சோவுக்காகப் போனேன். அவன் செத்தப்போ நான் பக்கத்துலகூட இல்ல. அப்போ நான் எதுக்குப் போனேன்? நானாப் போனேன்னா, அங்க செஞ்சதெல்லாம் நானாச் செஞ்சது. அம்மா மறந்ததால போனேன்னா... கொஞ்சம் தூக்கம் வருதும்மா. சில நாள் நானே நம்பிட்டேன். நீதான் மறந்துட்டன்னு."

கூண்டுக்குள் ஒரு கோழி கொக்கரித்தது. அடினா அந்தக் கணத்தில் இரண்டு பேரை ஒருசேரப் பார்த்தாள்: தன்னைக் காட்டிக்கொடுத்தவனையும், தான் பெற்ற பிள்ளையையும். இரண்டு பேருக்கும் ஒரே முகம்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் கடைசியில். "நீ பயப்படாத. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நாச்சோவோட அம்மாவைப் போய்ப் பார்த்தியா?"

இல்லை என்று தலையசைத்தான்.

"நாலு மாசமாச்சு. ரெண்டு மைல்தான். போய்ப் பாரு. எனக்காக இல்ல."

வெள்ளிக்கிழமை காலையில் கார் புறப்பட்டுப் போனது. ஹார்லனும் டீனாவும் டெல்வினும் கறுப்பு உடையில் இருந்தார்கள். யாரும் அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அடினா விதை உருளைக்கிழங்குக் கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். முந்தின நாள் மழையில் மண் சேறாகக் கிடந்தது. பழைய பூட்ஸில் ஓட்டை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினாள். குழி, ஒரு துண்டு, மண். குழி, ஒரு துண்டு, மண். ஒவ்வொரு குழிக்கும் ஒரு சின்ன ஜெபம். அதற்குமேல் அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

"அடினா! இந்தச் சேத்துல என்ன பண்ற?"

நாச்சோவின் அம்மா கான்சுவேலோ, துணியால் மூடிய ஒரு பாத்திரத்தோடு வேலி ஓரம் நின்றாள். மகன் இறந்த செய்தி வந்த வாரம் அவள் சாப்பிடவில்லை, அடுப்பு மூட்டவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அடினா யாரிடமும் சொல்லாமல் இரண்டு மைல் நடந்து போய், ஒரு வார்த்தையும் பேசாமல் அவள் வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் கழுவி வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து ஒரு செவ்வாயும் தவறவில்லை.

"இந்தா. எங்க வீட்டுப் பெரிய வெள்ளிப் பலகாரம். ரொட்டி, வெல்லப்பாகு, திராட்சை. சுடச்சுடத் தின்னு" என்றவள், பாத்திரத்தை வேலிமேல் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நேத்து உன் பையன் வந்தான்."

அடினாவின் கையிலிருந்த கிழங்குத் துண்டு நழுவி விழுந்தது.

"வாசல்லயே நின்னான். உள்ள வரச் சொன்னேன். உக்காந்ததும், 'எங்கம்மா இங்க வருவாங்களா?'ன்னு கேட்டான். மூணு வருஷமா இந்த வீட்டுத் தட்டெல்லாம் உங்கம்மா கழுவுனதுதான்டான்னு சொன்னேன். அப்புறம்..." அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "நீ கோவிச்சுக்காத. யாருகிட்டயும் காட்டக் கூடாதுன்னு நீ சத்தியம் வாங்குன அந்தக் கடுதாசியை அவன் கையில குடுத்துட்டேன். அவனுக்குத் தெரிஞ்ச விஷயம்தானே, அவன்கிட்ட காட்டுனா சத்தியம் உடையாதுன்னு நானே ஒரு நியாயம் சொல்லிக்கிட்டேன்."

நாச்சோவின் கடைசிக் கடிதம். அதில் இருந்தது அடினாவுக்கு மனப்பாடம்: 'டெல்வின் பைத்தியக்காரன், அவனோட மனுவை எரிச்சுட்டு என்கூட பஸ்ல ஏறிட்டான். பயமா இல்லைம்மா. நான் தனியா வரல.'

"படிச்சானா?"

"படிச்சான். திரும்பத் திரும்ப அந்தக் கடைசி வரியையே படிச்சான்.  போறப்போ தொட்டியில கிடந்த ரெண்டு தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போனான்."

கான்சுவேலோ தன் கோவிலுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள். அடினா சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துவிட்டு, எழுந்து, விட்ட குழியிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

உச்சிவேளைக்குச் சற்று முன்னால் தெருவில் சேறு தெறித்தது. முப்பது மைல் வேகத்துக்கு மேல் ஓட்டத் தெரியாத ஹார்லனின் கார் பறந்து வந்தது. வாசல் கம்பத்தை உரசிக்கொண்டு நின்றது. அவன் கதவைக்கூடச் சாத்தவில்லை. கறுப்புக் கோட்டும் பளபளக்கும் பூட்ஸுமாக நேராகச் சேற்றுக்குள் இறங்கி வந்தான்.

"அடினா..."

மூன்று வருஷத்தில் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எழுந்து நின்னு சொன்னான் அடினா... எல்லாருக்கும் முன்னாடி. 'எங்கம்மா எதையும் மறக்கல. மனுவை எரிச்சது நான். நான் திரும்பி வர ஒரு வீடு இருக்கட்டும்னு அவங்க பழியை ஏத்துக்கிட்டாங்க. நான் அவங்களைக் காட்டிக்கொடுத்துட்டேன்'னு சொன்னான்... என்னைப் பார்த்து, 'அப்பா, நீங்க மன்னிக்க வேண்டிய ஆள் நான்தான்'னு சொன்னான்."

அவன் தொப்பி கையிலிருந்து விழுந்தது. எடுக்கவில்லை.

"மூணு வருஷம்! ஒரே மேஜையில உக்காந்து சாப்பிட்டிருக்கேன். ஒரு நாளாவது 'என்ன நடந்துச்சு அடினா'ன்னு கேட்டேனா? யுத்தம் கூடாது, யாரையும் காயப்படுத்தக் கூடாதுன்னு ஊரெல்லாம் பேசினவன்... என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தியை... புதன்கிழமை உன்னை மன்னிச்சுட்டேன்னு வேற சொன்னேனே! எந்த வாயால சொன்னேன்!"

"என்னங்க... அழாதீங்க. நானும்தானே பொய் சொன்னேன். உங்களை நம்பி உண்மையைச் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா அவனை வீட்டுல சேர்த்திருப்பேனா?" என்றான் ஹார்லன். பதிலை அவனே அறிந்தவனாக முகத்தை மூடிக்கொண்டான். அடினா சேற்றுக் கையோடு அவனை அணைத்துக்கொண்டாள். கறுப்புக் கோட்டு முதுகில் பத்து விரலும் பதிந்தன.

"சபை அவனை என்ன செய்யும்ங்க?"

"மூப்பருக்கே தெரியல. ஜெபிக்கணும்னார். நான் சொல்லிட்டேன்: சபை சேர்த்தாலும் சரி, சேர்க்காட்டாலும் சரி, என் மேஜையில அவனுக்கு இடம் உண்டு."

இதற்காகத்தான் அவள் பொய் சொன்னாள். பொய் போய்விட்டது. இடம் இருக்கிறது.

அதற்குள் காரிலிருந்து இறங்கிய டீனா சேற்றில் கால் வைக்கப் பயந்து, வேலி ஓரமாகவே இப்படியும் அப்படியும் நடந்து அழுதுகொண்டிருந்தாள்.

"என் நாக்கு அழுகிப் போகட்டும்! எத்தனை தடவை... அந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அடினா, நாளையிலேருந்து தபாலை நீதான் போடணும். சிவப்புத் தகட்டை நான் தொடவே மாட்டேன். அப்புறம்... எல்லாரும் அங்க காத்துக்கிட்டு இருக்காங்க. நீ வந்தாத்தான் கால் கழுவ ஆரம்பிப்போம்னு மூப்பர் நிறுத்தி வெச்சிருக்காரு. உன் காலை நான்தான் கழுவுவேன். வேற எவளையும் விட மாட்டேன், சொல்லிட்டேன்!"

அடினா தன் கால்களைப் பார்த்தாள். முழங்கால் வரை சேறு. அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

"அப்போ முதல்ல வீட்டுல கழுவிட்டுத்தானே அக்கா வரணும்?"

"பின்ன? இந்தக் காலோடவா வருவ! நான் போய் உன் துணியை இஸ்திரி போடுறேன். டேய் தம்பி, நீயும் வந்து கோட்டை மாத்து. முதுகெல்லாம் கையா இருக்கு."

"டெல்வின் எங்க அக்கா?"

"கார்ல ஏற மாட்டேன்னுட்டான். நடந்து வர்றான்."

அவர்கள் உள்ளே போனார்கள். அடினா துவைக்கும் கொட்டகைக்குப் பின்னாலிருந்த கைப்பம்பு அருகே போய் மரக்கட்டையில் உட்கார்ந்தாள்.  எழுந்து பம்பு அடிக்கத் தெம்பில்லை.

பச்சைக் கோதுமை வயலின் வரப்பு வழியாக டெல்வின் வந்தான். அவளைப் பார்த்து நின்றான். பேசுவான் என்று நினைத்தாள். பேசவில்லை. கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டினான். சட்டைக் கையை மடித்தான். கொட்டகையிலிருந்து தகரத் தொட்டியைக் கொண்டுவந்து பம்பின் கீழ் வைத்து அடித்தான். தண்ணீர் நிரம்பியது. அவள் எதிரில் ஈரமண்ணில் மண்டியிட்டு, ஒரு காலை இரண்டு கையாலும் தூக்கித் தொட்டியில் வைத்தான்.

"குளிரும்டா..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

அவன் விரல் விரலாகக் கழுவினான். காய்ந்து ஒட்டிய சேற்றைக் கட்டைவிரலால் தேய்த்தான். குதிகால் வெடிப்புகளில் புகுந்திருந்த மண்ணை எடுத்தான். தண்ணீர் கறுத்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினான். மறுபடியும் கறுத்தது. அவன் தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. அந்தக் கைகள் தூர தேசத்தில் என்ன செய்தன என்று அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கப் போவதும் இல்லை. குனிந்திருந்த அந்தத் தலையின்மேல் கையை வைத்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று என்றோ தள்ளிப்போட்ட ஒரு பதில் அவள் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அவன் கழுவிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது தண்ணீர் தெளிவாக நின்றது. தன் கைக்குட்டையால் இரண்டு காலையும் துடைத்தான். தொட்டித் தண்ணீரை உருளைக்கிழங்குப் பாத்தியின் ஓரத்தில் ஊற்றிவிட்டு, தொட்டியைப் பழைய இடத்திலேயே கவிழ்த்து வைத்தான். கோட்டை எடுத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் முன்வாசல் பக்கம் சுற்றிக்கொண்டு போனான்.

சமையலறை ஜன்னலிலிருந்து டீனாவின் குரல் வந்தது.

"அடினா! நேரமாச்சு! காலைக் கழுவ மறந்து..." வார்த்தை பாதியில் நின்றது. ஜன்னலுக்கு உள்ளே ஒரு விசும்பல். பிறகு மெதுவாக, "காலைக் கழுவிட்டியாம்மா?"

"கழுவியாச்சு அக்கா" என்றாள் அடினா.

 கொட்டகைக் கொடியில் காய்ந்திருந்த காலுறையை எடுத்து மாட்டிக்கொள்ளத் தொடங்கினாள்.